மூன்று இலக்க டயரும் முகூர்த்த நேரமும்

நிலையாமையைப் பற்றி நான் முப்பது ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் பதிகம் பாடி முடித்ததும், இந்த உடம்பு எத்தனை நாளைக்கு என்று விளக்கம் சொல்லுவேன். கேட்பவர்கள் கண்கலங்குவார்கள். (இருவர் தூங்குவார்கள், அவர்களை விட்டுவிடுவோம்.) அப்படிப்பட்ட நான், அழியாத பொருள்கள் நான்கு இவ்வுலகில் உண்டு என்று உள்ளூர நம்பியிருந்தேன். அவை என் மோரிஸ் மைனர் காரின் டயர்கள்.

கார் என் திருமணத்தைவிட மூத்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பும். ஆண்டுக்கொரு முறை பத்துமலைக்குப் போகும். மற்ற நாள்களில் வீட்டு முகப்பில் போர்வைக்குள் யோகத்தில் இருக்கும். ஆகவே டயர்களில் பூ தேயவே இல்லை. (டயரின் மேலுள்ள வரிப்பள்ளங்களை எங்கள் ஊரில் பூ என்போம்.) ஆயுத பூசையன்று நான்கு டயர்களையும் கழுவி, கறுப்பு மெருகேற்றி, பக்கவாட்டில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவே குங்குமம் வைப்பேன். பழையதைச் சுரண்டுவதில்லை, பிரசாதம் அல்லவா? அதனால் ஒவ்வொரு டயரிலும் ஒரு சிறு சந்தன மலையே வளர்ந்திருந்தது.

ஆறேழு ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் ஒரே மகன் கதிரேசனுக்குக் கிள்ளானில் திருமணம். மாப்பிள்ளையை மண்டபத்துக்கு அழைத்துச் செல்வது தாய்மாமன் உரிமை. மோரிஸில்தான் அழைத்துச் செல்வேன் என்று அறிவித்தேன்.

"மாமா, என் கார்லயே போயிடலாம் மாமா. ஏர்கோன் இருக்கு" என்றான் கதிரேசன் பணிவாக.

"உன் கார் ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்கு. மாப்பிள்ளைன்னா தேர்ல போகணும்டா" என்றேன்.

முந்திய வாரம் காற்றடிக்க டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சேகர் குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், பிறகு என் அனுமதியின்றி ஒரு திருப்புளியால் சந்தனத்தைச் சுரண்டினார். உதிர்ந்ததை நான் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டேன்.

"அங்கிள், இங்க பாருங்க. டயர் செஞ்ச தேதி இதுலதான் போட்டிருப்பான். நாலு நம்பர் இருந்தா ரெண்டாயிரத்துக்குப் பிறகு செஞ்சது. உங்களுக்கு மூணுதான் இருக்கு."

"அதனால என்ன?"

"போன நூற்றாண்டு டயர் லா இது!"

"பூ அப்படியே இருக்கே, தம்பி."

"பூ இருக்கும் அங்கிள். ஓட்டுனாத்தானே தேயும்? வெயில்ல நிக்க வச்சே ரப்பர் காஞ்சு போச்சு. ஓரத்துல வெடிப்பைப் பாருங்க. ஆறு வருசத்துக்கு மேல போனா வருசா வருசம் கடையில காட்டணும்; பத்து வருசம் ஆனா பூவைப் பார்க்காம மாத்திடணும். ஹைவேல இது தாஹான் ஆவாது."

தாங்காதாம். என் டயர். அந்த வெடிப்புகளை நானும் பார்த்தேன். பெரியவர்கள் முகத்துச் சுருக்கம் போல எனக்கு அவை மரியாதையாகத் தோன்றின. "காற்று மட்டும் அடிங்க" என்றேன். போதாததற்கு, புறத்தோற்றத்தைக் கண்டு எதையும் எடைபோடக் கூடாது என்று அவருக்கு ஒரு விளக்கமும் தந்தேன். (அதைத்தான் அவர் அவ்வளவு நேரமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் உறைத்தது.)

திருமண நாள் வந்தது. பத்தரை மணிக்குள் தாலி ஏற வேண்டும். அதற்குப் பின் நல்ல நேரம் இல்லை. உறவினர்கள் வேன்களில் முன்னே போய்விட்டார்கள். பட்டு வேட்டி, தலைப்பாகை, மாலையோடு கதிரேசன் என் பக்கத்தில் அமர்ந்தான். கூட்டரசு நெடுஞ்சாலையில் எல்லா வாகனங்களும் எங்களைத் தாண்டிச் சென்றன, குழந்தைகள் கையசைத்தார்கள். நான் அரசரைப் போலத் தலையசைத்தேன்.

ஷா ஆலாமைத் தாண்டியதும் பின்னால் ஒரு பெரிய சத்தம். கார் ஆனை அசைவதுபோல ஆடி ஓரத்தில் நின்றது. இறங்கிப் பார்த்தேன். டயரின் பூ முழுவதும், ஒரு மடல்கூடத் தேயாமல், உடும்புத் தோல் போல உரிந்து சாலையில் தனியே கிடந்தது.

"கவலைப்படாதே. மாற்று டயர் இருக்கு. வாங்கின நாள்லேர்ந்து தரையைத் தொட்டதே இல்ல" என்றேன்.

"அதுவும் இதுங்க கூடவே வாங்குனதா மாமா?"

"ஆமாம். புத்தம் புதுசு."

அவன் வேட்டியில் கறை படக்கூடாதென்று நானே ஜாக்கி போட்டேன், வியர்த்தேன், மாற்றினேன். ஜாக்கியை இறக்கினேன். காரின் பாரம் மேலே பட்டதும், தரையைத் தொட்டறியாத அந்த டயர் தரையைத் தொட்டது, ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது, சப்பையாகிப் போனது.

மணி ஒன்பது ஐம்பது. கதிரேசன் கைப்பேசியில் வாடகைக் கார் தேடினான். நெரிசலாம், இருபத்தைந்து நிமிடம் ஆகுமாம். திரும்பிப் பார்த்தோம். அந்த நெரிசலே எங்களால்தான். தங்கை அழைத்தாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? ஐயர் கேட்கிறாரு. பொண்ணை மணையில உட்கார வச்சாச்சு!"

"வந்துகிட்டே இருக்கோம்மா" என்றேன், அசையாமல் நின்றபடி. பெண்ணின் பெயர் வானதி. அந்தப் பிள்ளை தனியாக மணையில் அமர்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும்தான், வருகிற வண்டிகளுக்கெல்லாம் துண்டை வீசிக் கைகாட்டத் தொடங்கினேன்.

அப்போது ஒரு லோரி வந்து நின்றது. பின்புறத்தில் மஞ்சள் சட்டை போட்ட எட்டு இளைஞர்கள். கைகளில் உருமி, தவில். பந்திங்கில் திருவிழாவுக்குப் போகும் உருமி மேளக் குழு. நான் கும்பிடக் கையெடுத்தேன். எடுத்த கை பாதியிலேயே நின்றது. குழுத் தலைவர் சரவணனை எனக்குத் தெரியும். அவருக்கு என்னை இன்னும் நன்றாகத் தெரியும். எங்கள் கோயில் திருவிழாவில் பதிகம் பாடும் வேளையில் உருமி அடித்தார்கள் என்று, ஒலிவாங்கியைப் பிடித்து ஊர் கேட்க அவர்களை நிறுத்தியவன் நான்.

"அட, நம்ம பதிகம் அங்கிள்! டேய், பாரு யாருன்னு! அன்னிக்கு நம்மளப் பார்த்து இரைச்சல்னு சொன்னாரே!"

"தம்பி, மாப்பிள்ளைக்கு முகூர்த்தம்... கிள்ளான் மண்டபம் வரைக்கும்..."

"ஏத்திக்கலாம் அங்கிள், வழிதானே. ஆனா ஒரு கண்டிசன். நீங்க பாடணும், நாங்க அடிப்போம். மண்டபம் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

கதிரேசன் என்னைப் பார்த்தான். "மாமா, வானதிக்காக" என்றான்.

பாடினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, துண்டு காற்றில் பறக்க, முப்பது ஆண்டுகளாக இமை மூடி, தாளம் பிசகாமல், மெல்லப் பாடிவந்த பதிகத்தை உருமியின் ஓட்டத்துக்குத் தொண்டை கிழியப் பாடினேன். இரண்டாம் பாட்டிலேயே ஒன்று புலப்பட்டது: பாட்டு ஓடிற்று. நிறுத்தி நிறுத்தி நான் கட்டிப்போட்டிருந்த சொற்களெல்லாம் குதித்துக்கொண்டு வந்தன. ஐந்தாம் பாட்டில் நான் ஆடிக்கொண்டிருந்தேன். (கதிரேசன் அப்படித்தான் சொல்கிறான். சமநிலைக்காகக் காலை மாற்றி வைத்தேன் என்பது என் கட்சி.)

பத்து இருபதுக்கு லோரி மண்டப வாசலில் நின்றது. நாதசுரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். தங்கை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை. ஆனால் சம்பந்தி ஓடி வந்து என் கைகளைப் பற்றிக்கொண்டார். "எங்க பக்கத்துல யாருக்குமே இப்படி ஒரு மாப்பிள்ளை அழைப்பு நடந்ததில்ல அண்ணே! ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, வெடி வாங்கி வச்சிருப்பேன்!"

ஒரு வெடி ஏற்கெனவே வெடித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தாலி ஏறும்போது மணி பத்து இருபத்தெட்டு. சரவணன் குழுவினர் மணமக்களுக்கு அட்சதை போட்டுவிட்டு, இலையில் உட்கார நேரமில்லாமல், வடைகளை மட்டும் வாங்கிக்கொண்டு பந்திங்குக்குப் பறந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மோரிஸை இழுவை வண்டியில் சேகர் கடைக்குக் கொண்டுபோய் ஐந்து புதிய டயர்கள் வாங்கினேன். மாற்று டயரையும் சேர்த்துத்தான் ஐந்து. சேகர் ஒன்றும் சொல்லாமல் மாட்டிக்கொடுத்தார். அதுதான் மிகவும் வலித்தது.

வானதி இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கதிரேசன் அலுவலகத்திலிருந்து வரத் தாமதமானால் அவள் அவனை அழைப்பதில்லை, என்னை அழைப்பாள்.

"மாமா, இன்னும் வரல. ரெண்டு பாட்டு பாடுங்களேன். அன்னிக்கு வந்தாரே, அந்த மாதிரி வந்துடுவாரு." பின்னணியில் பிள்ளைகள் இருவரும் சமையலறைத் தட்டுகளை உருமியாக அடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நானும் பாடுவேன். பெரும்பாலும் நான்காம் பாட்டு முடிவதற்குள் அவன் கார் வாசலில் வந்து நிற்கும் ஓசை தொலைபேசியில் கேட்கும். இறைவன் கருணை என்பேன் நான். ஏழு மணிக்குச் சாலை நெரிசல் குறைந்துவிடும் என்பாள் அவள். பிள்ளைகளுக்கு இரண்டு விளக்கமும் தேவைப்படுவதில்லை. அப்பா வந்த பிறகும் அடிப்பதை அவர்கள் நிறுத்துவதில்லை, நானும் பாட்டை நிறுத்துவதில்லை.