பிறைக் கணக்கில் ஒரு மாப்பிள்ளை

"ஸியாம், உங்கட வயசு ஹிஜ்ரியில எத்தனை எண்டு பொம்பிளைட வாப்பா கேக்கிறார். போன உடனே அதைத் தான் பாப்பாராம்."

ஓட்டோ கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்போது தரகர் ஸப்வானின் அழைப்பு வந்தது. வெள்ளவத்தையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவனுக்கு வயது முப்பத்தொன்பது. அந்த ஒன்பதைத்தான் இப்போது கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். "நாப்பதுக்குக் கிட்ட வந்துட்டாரே" என்று சொல்லி ஏற்கெனவே இரண்டு வீட்டார் கையைக் கழுவியிருந்தார்கள்.

இந்த இடம் மட்டும் கைவிட்டுப் போகக்கூடாது. பெண் நப்லா, புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணி. போன மாதம் கடைக்குக் கண் பரிசோதிக்க வந்தவள், அட்டையின் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு, "இந்த அட்டை சரிஞ்சு ஈக்கு" என்றாள். ஏழு வருடமாக அது சரிந்துதான் இருந்தது, ஒருவரும் சொன்னதில்லை. அன்றைக்கே ஸியாம் விழுந்துவிட்டான்.

"ஹிஜ்ரியில பாத்தா என்ன நானா?" என்றான் பக்கத்தில் இருந்த தம்பி ஆகில். அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவான். கல்யாணம் முடித்து இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பாவானவன். பெண் பார்க்கப் போகிற இடத்தில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு கவலை இல்லை.

"என்னவா? பிறை வருஷம் பதினொரு நாள் குறைவுடா. முப்பத்திமூணு வருஷத்துக்கு ஒரு வயசு கூடிரும்."

ஸியாம் போனில் தன் பிறந்த திகதியைத் தட்டினான். ஹிஜ்ரி ஆயிரத்து நானூற்றி ஆறு, துல்ஹஜ் மாதம் பிறை நாலு என்று வந்தது. விரல் விட்டு எண்ணினான். நாற்பது நிறைந்து ஐந்து மாதமும் ஆகியிருந்தது. பதறிப்போய் இன்னொரு செயலியில் போட்டான். அது பிறை ஐந்து என்றது. அந்த வருடம் கொழும்பில் பிறை முந்திக் கண்டிருந்தால் அதிலும் ஒரு நாள் மிச்சம் பிடிக்கலாம். ஐந்து மாதம் குறைய வேண்டியவனுக்கு ஒரு நாள் எந்த மூலைக்கு?

ஓட்டோ கொட்டாஞ்சேனையில் நின்றபோது அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். ஒரே ஒரு வருடத்தை விழுங்கிவிடுவது.

நப்லாவின் வாப்பா பௌஸி ஹாஜியார் வாசலுக்கே வந்து இரண்டு கையாலும் கைபிடித்து முஸாபஹா செய்தார். மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"மகன், குறை நினைக்க வேணாம். நம்மட வீட்டில எல்லாமே பிறைக் கணக்குத் தான். திகதியச் செல்லுங்க பாப்பம்."

"ஒகஸ்ட் பத்து."

"வருஷம்?"

"எண்பத்தி... ஏழு."

ஹாஜியாரின் விரல் நின்றது. "ஸப்வான் எண்பத்தியாறு எண்டு தானே செல்லி இருந்த?"

"ஸப்வானுக்குக் கணக்கு வராது மாமா."

ஹாஜியார் தட்டினார். முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் மங்கியது. "முப்பத்தொன்பதும் அஞ்சு மாசமும்," என்று முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்தார். "பகல்ல பிறந்ததா, இரவிலயா? பொழுது சாய முந்தி, மஃரிபுக்கு முதல் எண்டா ஒரு நாள் கூடுமில்லயா?"

ஒரு நாளைக் கூட்டப் பார்க்கிறார் என்று ஸியாமுக்கு உடனே விளங்கியது. ஆளை இலேசில் விடமாட்டார் போல.

"நல்ல இரவில மாமா. பத்து மணிக்கு."

"சவூதிப் பிறைக்கும் நம்மட பிறைக்கும் கூட ஒரு நாள் வித்தியாசம் வரும்."

"எப்பிடிப் பாத்தாலும் குறையத் தான் வரும் மாமா," என்றான் ஸியாம் அழுத்தமாக.

ஹாஜியார் பெருமூச்சு விட்டார். சந்தேகப்படுகிறார் என்று ஸியாம் நினைத்தான். முப்பத்தொன்பது என்று அவர் சொன்ன விதத்திலேயே நாற்பது கேட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டால்தான் நிம்மதி.

"உண்மையச் சொன்னா மாமா, எண்பத்தெட்டு. ஸ்கூலில சேர்க்கிறதுக்காக ஒரு வருஷம் கூட்டிப் பதிஞ்சிட்டாங்க."

மூன்றாவது பெட்டிஸைக் கடித்துக்கொண்டிருந்த ஆகில் தலையை நிமிர்த்தினான். "நானா, எண்பத்தெட்டு நான் தானே?"

ஹாஜியார் ஸியாமைப் பார்த்தார். ஆகிலைப் பார்த்தார். மறுபடி ஸியாமின் முன்வழுக்கையைப் பார்த்தார்.

"நாங்க ரெட்டை," என்றான் ஸியாம்.

ஆகிலுக்குப் புரைக்கேறியது.

"ரெட்டையா?"

"ஓ மாமா. முகம் ஒத்துப் போகாத ரெட்டை."

"மாஷா அல்லாஹ். யார் மூத்த?"

இரட்டையிலும் இளையவனாக இருந்துவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று தோன்றியது ஸியாமுக்கு. வாய் முந்திக்கொண்டது. "அவன் தான்."

"அப்ப அவர் உங்கள நானா எண்டு கூப்பிடுறாரே."

"மரியாதை மாமா. சின்ன வயசிலயிருந்தே அவன் நல்ல பிள்ளை."

இருமி இருமிக் கண் சிவந்திருந்த நல்ல பிள்ளை தண்ணீர் கேட்டது.

தண்ணீரோடும் தேநீரோடும் நப்லாவே வந்தாள். ஸியாம் தெரிவுசெய்து கொடுத்த கண்ணாடிதான் அவள் முகத்தில் இருந்தது. எவ்வளவு பொருத்தம். இந்த முகத்துக்காக இன்னும் இரண்டு வருடத்தைக்கூட விழுங்கலாம்.

"தம்பி எண்டு தானே கடையில அறிமுகப்படுத்தினீங்க," என்றாள் நப்லா, ஆகிலுக்குத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டு.

"கடையில... வியாபார விஷயமா அப்பிடிச் சொல்றது."

"வியாபார விஷயமா," என்று திருப்பிச் சொன்னாள் நப்லா. சிரிக்கவில்லை. நீதிமன்றத்தில் சாட்சிக்காரர்களை இப்படித்தான் பார்ப்பாள் போலிருந்தது.

ஹாஜியார் மகளைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தார். நப்லா தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஸியாமுக்கு உயிரே போய்விட்டது. இரண்டு வருடம் குறைத்தும் கிழவன் என்றுதான் முடிவு கட்டிவிட்டாளா? மிச்சமிருந்த ஒரே துருப்பையும் இறக்கினான்.

"மாமா, வயசு எண்டு பாக்காதீங்க. மனசில நான் இன்னும் சின்னப் பொடியன் தான். ஒவ்வொரு ஞாயிறும் பீச்சில பொடியன்மாரோட கிரிக்கெட் அடிக்கிறன். பட்டம் விடுறன். போன கிழமை கூட ஒரு பட்டத்துக்காகச் சண்டை பிடிச்சன்."

ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு போனைச் சட்டைப் பையில் வைத்தார்.

"எல்லாத்துக்கும் அல்லாஹ் ஒரு நேரம் வச்சிருக்கான், மகன்," என்றார் களைத்த குரலில். "தேத்தண்ணியக் குடிங்க."

குடித்துவிட்டுப் புறப்பட்டார்கள். வழியனுப்ப அவர் வாசல் வரைக்கும் வரவில்லை. நப்லாவின் தங்கை மஸாஹிராதான் கேட்டைத் திறந்துவிட வந்தாள். அவள் முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"தங்கச்சி," என்றான் ஸியாம், கேட்டைப் பிடித்துக்கொண்டு. "உங்கட ராத்தாவ எனக்கு உண்மையாவே பிடிச்சீக்கு. முப்பத்தேழு கூடிப் போச்செண்டா சொல்லச் சொல்லுங்க. அந்த ஹிஜ்ரிக் கணக்கு மட்டும் இல்லாட்டி நான்..."

மஸாஹிரா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாப்பது நிறையாத ஆம்பிளைக்குப் புத்தி நிறையாது, வேணவே வேணாம் எண்டு ராத்தா ஒரே பிடி, முப்பத்தொன்பதில நிக்கிற உங்கள எப்பிடியாவது நாப்பதாக்கிடத் தான் வாப்பா அந்த ஹிஜ்ரிக் கணக்கையே தேடிப் பிடிச்சுக்கொண்டு வந்தார்."