நெய்க்குச் சான்றிதழ்

சென்னை சோதனைச்சாலைக்குப் போன நெய் பாட்டிலுக்கு அறிக்கை வந்துவிட்டது. "தாவரப் பொருள் கலந்துள்ளது" என்ற ஒரே வரியில் செம்மொழிக்குத் தலை சுற்றியது.

மலேசியாவுக்கு இருநூறு கிலோ. நீடாமங்கலத்தில் நெய் காய்ச்சி விற்கும் அவளுக்கு இதுதான் முதல் வெளிநாட்டு ஆர்டர். இதை நம்பி ரைஸ்மில் வேலையையும் விட்டாயிற்று. ஏற்றுமதி விண்ணப்பத்தில் உணவுப்பொருள் என்று நிரப்பியிருந்ததால் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் சரக்கு கப்பலேறாது. இருபதாம் தேதிக்குள் ஏற்றியாக வேண்டும்.

சோதனைச்சாலையில் வேலை பார்க்கும் ஃபஹ்மிதாவிடம் போனில் கேட்டாள். நெய்யில் ஏதோ இலை இருக்கிறது என்றாள் அவள்.

குற்றவாளி வீட்டிலேயே இருந்தார். மாமியார் வேம்பு, நெய்யை இறக்கும்போது ஒரு கொத்து முருங்கையிலை போட்டிருந்தார். அது இல்லாமல் நெய்க்கு ஏது வாசனை என்பது அவர் கட்சி.

"அத்தே, முருங்கையிலை மட்டும் வேணாம் அத்தே."

அத்தை, சொன்ன பேச்சைத் தட்டாதவர். அடுத்த முறை வெற்றிலை போட்டார். இரண்டாவது அறிக்கையிலும் அதே வரி வந்தது.

மூன்றாம் முறை எந்த இலையும் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, செம்மொழி அடுப்பருகிலேயே காவலுக்கு உட்கார்ந்தாள். போன் வந்து எழுந்துபோன இரண்டு நிமிடத்தில் சட்டியில் கல்லுப்பு விழுந்துவிட்டது. உப்பு இலையில்லையே என்று அத்தை நியாயம் கேட்டார். அறிக்கையில் இப்போது உப்பு.

"என்னக்கா, தடவைக்கு ஒண்ணு புதுசா வருது?" என்று ஃபஹ்மிதாவே சிரித்துவிட்டாள்.

செம்மொழி அத்தையைத் திருக்கடையூரில் நடந்த ஓர் அறுபதாம் கல்யாணத்துக்கு அனுப்பிவைத்தாள். தானே காய்ச்சினாள். கருகிவிடுமோ என்ற பயத்தில் சீக்கிரமே இறக்கினாள். நான்காவது அறிக்கை ஈரப்பதம் அதிகம் என்றது. பழி போடக்கூட வீட்டில் ஆளில்லை.

தேதி பதினெட்டு ஆகிவிட்டது. விட்ட வேலையும் இனிமேல் திரும்பக் கிடைக்காது. அழுகையை அடக்கிக்கொண்டு, ஆர்டர் கொடுத்த மருதையனுக்கு மலேசியாவுக்கே போன் போட்டாள். முருங்கையிலை, வெற்றிலை, உப்பு, ஈரம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டாள்.

மருதையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நாலு தடவை டெஸ்ட் பண்ணீங்களாம்மா? நாங்க கோயில் விளக்குல ஊத்தத்தானே கேட்டோம்."