டவல் ஆலைக்காரிக்கு அரசாங்கம் தந்த படிப்பு

கோல்டர்ஸ்வில், வட கரோலினா
மார்ச் 12, 2004

அன்புள்ள தம்பி வெஸ்லிக்கு, அக்கா வெர்னா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கு நானும் உன் அத்தான் ஓடெலும் நலம். அவருடைய இருமலும் ஒரு குறையுமில்லாமல் நலமாக இருக்கிறது. அங்கு நீயும் டார்லீனும் நலமா?

உன் வாழ்த்து அட்டை கிடைத்தது. "ஆலை போனாலும் அரசாங்கம் இலவசமாகப் படிக்க வைக்கிறதாமே, நீ கொடுத்து வைத்தவள் அக்கா" என்று எழுதியிருக்கிறாய். அட்டையில் பட்டமளிப்புத் தொப்பி போட்ட பூனை வேறு. நீ மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பூனையை உன் வாயிலேயே திணித்திருப்பேன்.

நான் கொடுத்து வைத்த கதையைக் கேள். போன ஜூலையில் எங்களை எல்லாம் ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்கவைத்து, மேனேஜர் ஸ்ட்ரிக்லண்ட் ஒரு தாளை எடுத்து வாசித்தார். ஆலை மூடல். எனக்கு முப்பத்தொரு வருஷ வேலை, அவருக்கு ஒண்ணரை நிமிஷ வாசிப்பு. இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு அரசாங்க உதவி உண்டு என்றார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ப்ரூயிட் என்று ஒரு மனிதர், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்கிறார்:

"இறக்குமதியாலதான் வேலை போச்சுங்கறதுக்கு என்ன ஆதாரம் மேடம்?"

"என் தறியக் கழட்டி, பிளாஸ்டிக்ல சுத்தி, கப்பலுக்கு அனுப்பினாங்க. திருகாணி தொலையாம டப்பாவுல போட்டுக் குடுத்ததே நான்தான்."

"அது தறி வெளிய போனது மேடம். துணி உள்ள வந்ததுக்கு ஆதாரம் வேணும்."

நேரே கடைக்குப் போனேன். எங்கள் ஆலைப் பேர், எங்கள் நீலக் கரை, அதே டவல். லேபிளைத் திருப்பினால் வேறு தேசம். வாங்கி வந்து அந்த ஆள் மேஜைமேல் வீசினேன். எடுத்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார், கன்னத்தில்கூட வைத்துப் பார்த்தார். "நல்லா மெத்துனு இருக்கே, எந்தக் கடை?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்த டவலாலேயே அவர் கழுத்தை இறுக்கியிருப்பேன், பின்னால் வரிசையில் நம் பாதிரியார் மனைவி நின்றதால் விட்டேன்.

உதவி டிசம்பரில்தான் வந்தது தம்பி. அதற்குள் ஆலை தந்த மருத்துவக் காப்பீடு நின்று, ஓடெல் ஒரு வேளை மருந்தை இரண்டு நாளைக்கு இழுத்தார். எங்கள் ஆலைப் பஞ்சுக் கூடத்துத் தூசியை விழுங்கி விழுங்கிப் பாழான நெஞ்சு. அதுக்கு எந்த லேபிளக் காட்டறது சொல்லு? அப்புறம் புதுசா ஒரு நிபந்தனை, புதுத் தொழில் படிச்சாத்தான் உதவி தொடருமாம். நர்ஸ் உதவியாளர் படிப்புக் கேட்டேன், ஓடெலப் பாத்துப் பாத்து எனக்குப் பாதி தெரியும். இடம் இல்லயாம். கம்ப்யூட்டர் வகுப்புல தள்ளிட்டாங்க. பதினாறு வயசுல பள்ளிக்கூடத்த விட்டவ, அம்பத்திரெண்டு வயசுல போய் உக்காந்தா, பக்கத்து நாற்காலியில யாருங்கற? ஸ்ட்ரிக்லண்ட்! அவரையும் வேலைய விட்டு அனுப்பிட்டாங்களாம்.

"மிஸ் வெர்னா, ஸ்கிரீன்ல இந்த அம்புக்குறி எங்க போச்சு?"ன்னு என்னைக் கேக்கறார்.

"நான் பாத்ரூம் போனா கடிகாரத்தப் பாத்துக்கிட்டு நிப்பீங்களே சார், இப்ப இதப் பாத்துக்கிட்டு நில்லுங்க"ன்னேன். மனுஷன் தலையக் குனிஞ்சுக்கிட்டு, மவுஸ மேஜையில அங்கயும் இங்கயும் தேய்க்க ஆரம்பிச்சார். எனக்கு அதுல சந்தோஷமும் வரல. அதுதான் இன்னும் எரிச்சல்.

நேத்து வேலைக்கு விண்ணப்பம் எழுதற பாடம். உங்க திறமைய எழுதுங்கன்னா டீச்சரம்மா டெனிஸ். 'அறுபது தறி ஓடற சத்தத்துல எந்தத் தறியில நூல் அறுந்துதுன்னு காதாலேயே சொல்லுவேன்'னு எழுதினேன். அந்தம்மா அத அடிச்சுட்டு, "இது எந்தக் கம்பெனிக்கும் தேவப்படாதுங்க. 'பிறர் சொல்வதை நன்றாகக் கேட்பவர்'னு போடலாம்"னா. எழுந்து வந்துட்டேன் வெஸ்லி. நேரே ப்ரூயிட்கிட்ட போய், "உங்க உதவிய நீங்களே வெச்சுக்குங்க"ன்னேன். "வகுப்புக்கு வரலன்னா எல்லாம் நின்னுடும் மேடம்"னார். "நிக்கட்டும்"னேன். இனிச் செத்தாலும் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

உன்னையும் டார்லீனையும் கர்த்தர் தம் நிழலில் வைத்துக் காப்பாராக. ஓடெல் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அக்கா
வெர்னா கேகிள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது டார்லீன் போன் செய்தாள். நீ வேலை செய்யும் சாக்ஸ் ஆலையிலும் இன்று காலை தாள் வாசித்துவிட்டார்களாமே. நீ வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருக்கிறாயாம். மேல எழுதினதெல்லாம் மறந்துடு தம்பி. மூணு பேர் கையெழுத்து இருந்தாத்தான் எடுப்பாங்க, அதனால கூட வேலை பாத்த ரெண்டு பேரச் சேத்துக்கிட்டுத் திங்கட்கிழமையே வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய் உதவிக்கு மனுவப் போடு. நல்ல சட்டை போட்டுக்க. அங்க இருக்கறவங்ககிட்டக் கத்தாத, அவங்க கையெழுத்து வேணும். எந்தப் படிப்பு குடுத்தாலும் சரின்னு சொல்லு. ப்ரூயிட்டுக்கு இப்பத்தான் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன், நானும் வகுப்புக்குப் போறேன். டார்லீன் பீன்ஸ் வேகவெச்சு வெச்சிருக்காளாம். முதல்ல காரவிட்டு எறங்கி, உள்ள போய்ச் சாப்பிடு.