உள்பக்கமும் பூசிய தலைக்கவசம்

ஒரு வேலையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் அதன் கீழே ஒரு கோடு இழுப்பேன். கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பேன். புள்ளி கோணலாக விழுந்துவிட்டது என்று முழுக் கடிதத்தையும் மறுபடி எழுதுவேன். வயதாக ஆக இந்த வியாதி கொஞ்சம் தணிந்திருக்கிறது. இருபத்தைந்து வயதில் அது முற்றியிருந்தது. ஆம்பூரில் நான் ரோமாபுரிப் படைத்தலைவனாக வேஷம் கட்டியது அந்த வயதில்தான்.

அப்போது எனக்கு ஒரு தோல் பதனிடும் கிடங்கில் குமாஸ்தா வேலை. தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரிலும் கடுக்காய்த் தண்ணீரிலும் ஊறப்போட்டுப் பதப்படுத்துவார்கள். அந்தத் தொட்டிகள் இருக்கும் பக்கம் நான் தலைவைத்தும் படுத்ததில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மையும் தானே காய்ச்சிக் கடிதம் எழுதுகிறவனுக்குத் தொட்டியில் என்ன வேலை என்று ஒரு எண்ணம். (கிடங்கு பிழைத்ததே என் கடிதங்களால்தான் என்றும் ஒரு எண்ணம் இருந்தது.)

நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்கு ஹெட்மாஸ்டர் ஒரு நாடகம் எழுதினார். பழைய மாணவர்கள் நடிக்க வேண்டும். கதை மிகவும் எளிது. பத்து வருஷம் போர் செய்த படைத்தலைவன் வீடு திரும்புகிறான். யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. கடைசியில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். மனைவி முகத்தைப் பார்க்கிறாள், கட்டிப்பிடித்து அழுகிறாள், திரை விழுகிறது. படைத்தலைவன் நான். மனைவி, கணக்கு வாத்தியார் தேவசகாயம்.

இதில் எனக்கு மட்டும் தெரிந்த இன்னொரு நாடகமும் இருந்தது. வேலூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எஸ்தர் என்று ஒரு டீச்சர். எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் அவளை இரண்டு முறை பார்த்திருந்தேன். கல்யாணம் என்றால் அவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அவளுக்கு என் பெயராவது தெரியுமா என்பது சந்தேகம். என் அம்மா யார் யாரையோ பிடித்துப் பேச்சைத் தொடங்கிவைத்தாள். எஸ்தரின் அப்பா ஞானமுத்து, ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், அளந்து பேசுகிற மனிதர். அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ‘ஆண்டு விழாவுக்கு மகளோடு வருகிறேன். பையனை அங்கேயே பார்த்துக்கொள்கிறேன்’ என்று எழுதியிருந்தார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

அதாவது, கழற்றிய கவசத்துக்குக் கீழே தெரியப்போகிற முகத்தை வைத்துத்தான் என் வாழ்க்கை தீர்மானமாகப் போகிறது.

அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிய தொப்பி போதும் என்றார் ஹெட்மாஸ்டர்.

“பத்து வருஷம் சண்டை போட்டவன் பளபளன்னு வருவானா சார்?” என்றேன்.

“ஆம்பூர்லே யாருப்பா ரோமாபுரியைப் பாத்திருக்கா?”

“கம்பவுண்டர் படிச்சவரு சார்.”

ஹெட்மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்.

கிடங்கில் தோலைத் தரம் பிரிக்கிற பாஷா என் சிநேகிதன். பதப்படுத்திய மாட்டுத்தோலை ஈரத்தோடு, கவிழ்த்த குடம் ஒன்றின்மேல் போர்த்தி இழுத்துக் கட்டிக் காயவைத்து, காதுமடல்கள் தைத்து, அருமையான கவசம் ஒன்று செய்துகொடுத்தான். தட்டினால் மரம் மாதிரி சத்தம் வந்தது.

“ஒண்ணு கேட்டுக்க தோஸ்த். தண்ணி பட்டா பரவால்ல. இரும்பை மட்டும் இது கிட்ட கொண்டு போகாதே. பேஜாராப் போய்டும்” என்றான்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. தொட்டிக்காரர்களின் சமாசாரம், குமாஸ்தாவுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இரண்டு கை வெள்ளிப் பூச்சு பூசினேன். கவசம் கல்யாணப் பாத்திரம்போல மின்னியது. பிறகு அதைக் கிழடாக்கும் வேலை ஆரம்பித்தது. எதிரி வலது கைக்காரனாக இருந்தால் வெட்டு இடது பக்கம்தான் விழும் என்று கணக்குப் போட்டு, இடது பக்கமாகக் கத்தியால் சுரண்டினேன். விளிம்புகளைச் செங்கல்லால் தேய்த்தேன். அடுப்புக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்துக் கீறல்களில் தேய்த்துத் துடைத்தேன். பூச்சு உதிர்ந்த இடங்களில் துரு வேண்டுமே! காவிக்கல்லைக் கரைத்துப் பூசினால் அது துருவாகத் தெரியவில்லை, வெற்றிலை எச்சிலாகத் தெரிந்தது. அசல் துருவே போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். பழைய ஆணிகளையும் ஒரு உடைந்த லாடத்தையும் புளித்த காடியில் நான்கு நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைத் தூரிகையால் தொட்டுச் சுரண்டிய இடங்களில் தடவினேன்.

கொஞ்ச நேரத்தில் அதிசயம் நடந்தது. பழுப்பாக இருந்த தோல் கண்ணெதிரே கறுத்து நீலம் பாய்ந்து பழைய இரும்பாகவே மாறிவிட்டது. நான் துள்ளிக் குதித்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

“புதுசா இருந்ததை ஏண்டா இப்படிப் பாழாக்கினே?”

இதைவிட ஒரு கலைஞனுக்கு என்ன பாராட்டு வேண்டும்? அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் படுத்தபின் ஒரு யோசனை. கடைசிக் காட்சியில் கவசத்தைக் கழற்றிக் கையில் இடுக்கிக்கொள்வேன். அப்போது முன் வரிசைக்கு உள்பக்கம் தெரியும். வெளியே இரும்பு, உள்ளே பழுப்புத் தோல்! முன் வரிசையில்தான் கம்பவுண்டர் உட்காருவார். காலையில் முதல் வேலையாக உள்பக்கம் முழுவதும் துருத் தண்ணீரை மூன்று முறை பூசி வெயிலில் வைத்தேன்.

விழா சித்திரை மாதத்து மாலை நாலு மணிக்கு. பந்தலுக்குள் அடுப்பு எரிவதுபோல வெக்கை. நாடகத்துக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். மூன்றாமவர் முதலிரண்டு பேர் பேசியதையும் சேர்த்துப் பேசினார். நான் கவசத்தின் வாரை நேர்த்தியாகக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றேன். கழற்றினால் அந்த நேர்த்தி போய்விடும் என்று கழற்றவில்லை. வியர்வை ஆறாக ஓடியது. தேவசகாயம் புடவைக் கொசுவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் என் பக்கம் திரும்பவே இல்லை.

மேடைக்குப் போனேன். வசனம் நன்றாகத்தான் வந்தது. முன் வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரைத் தட்டி என் மூக்கைச் சுட்டிக்காட்டினார். என் மூக்கில்கூட வீரம் தெரிகிறதுபோலும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்குப் பக்கத்தில் கம்பவுண்டர். அவருக்குப் பின்னால் எஸ்தர். கடைசிக் காட்சி வந்தது. மெதுவாக, மிக மெதுவாக, கவசத்தைக் கழற்றினேன்.

முன் வரிசை முழுவதும் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

தேவசகாயம் பாடம் பண்ணியதை எந்த நிலையிலும் மாற்றாத மனிதர். என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உரக்கச் சொன்னார்: “ஆகா! போன அன்றைக்கு இருந்த அதே முகம்! ஒரு மாற்றமும் இல்லை!”

பந்தல் இடிந்து விழுவதுபோலச் சிரிப்பு. தேவசகாயத்தின் புடவைதான் அவிழ்ந்துவிட்டது என்று நினைத்தேன். நாம் கலங்கக் கூடாது என்று கம்பவுண்டரைப் பார்த்துத் தலை தாழ்த்தி வணங்கிப் புன்னகை வேறு செய்தேன். அவர் புன்னகை செய்யவில்லை.

திரை விழுந்ததும் அவர் மகளோடும் என் அம்மாவோடும் உள்ளே வந்தார்.

“தம்பி, இப்படி வெளிச்சத்துக்கு வாங்க. இது எத்தனை நாளா இருக்கு?”

“எது சார்?”

தேவசகாயம் தன் கைக்கண்ணாடியை நீட்டினார். பார்த்தேன். மயிர்க்காலிலிருந்து புருவம்வரை கருநீலம். அங்கிருந்து மூக்கின் இரண்டு பக்கமும் இரண்டு வாய்க்கால். காதுகள் தனியாக.

“பூச்சு சார். கழுவினாப் போய்டும்” என்றேன். கழுவினேன். சோப்புப் போட்டேன். இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. கம்பவுண்டர் என் நெற்றியை விரலால் அழுத்திப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

“இவங்க அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்ததாம்மா?” என்று அம்மாவைக் கேட்டார்.

“எங்க வம்சத்துலே யாருக்கும் நெத்தி கறுத்ததில்லீங்க!” என்று அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. எஸ்தர் இரண்டடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாஷா வந்தான். என் முகத்தைப் பார்த்தான். கவசத்துக்குள் பார்த்தான்.

“இரும்பு போட்டியா?”

“இரும்பு இல்லை பாஷா. துருதான் போட்டேன்.”

“துரு இன்னா, பித்தளையா? மாசா மாசம் ஆபீசுக்குக் கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மை காச்சுறியே, அது எப்படிக் கறுக்குதுன்னு ஒரு நாளாவது யோசிச்சியா? அன்னபேதியும் இரும்பு வகைதான். இந்தத் தோல் முழுக்கக் கடுக்காய். நீ இரும்பை ஊத்தினே. மேலே வேர்வையை ஊத்தினே. மையைக் காச்சி நெத்தியிலே கவுத்துக்கினே!”

மை என்றால் அந்தக் கிடங்கில் நான் ஒருவன்தான் நிபுணன். பாஷா இரண்டு எலுமிச்சம்பழத்தை அறுத்து நெற்றியில் தேய்த்தான். கண் எரிந்து நான் கத்தினேன். கருநீலம் கொஞ்சம் வெளுத்து, பழைய காயம்போல ஆனது. அதற்குமேல் அசையவில்லை.

“வியாதி இல்லை, அது தெரிஞ்சு போச்சு. புத்திதான் எப்படின்னு தெரியலை” என்றார் கம்பவுண்டர், யாரையும் பார்க்காமல்.

எஸ்தர் கவசத்தைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

“வெளியே பூசினது சரிங்க. உள்ளே எதுக்குப் பூசினீங்க?”

“கழற்றிக் கையிலே பிடிச்சா உள்பக்கம் முன் வரிசைக்குத் தெரியுமே.”

“முன் வரிசைன்னா, எங்க அப்பாவுக்கா?”

“உங்க அப்பாவுக்குத்தான்” என்றேன். வேறு பொய் எதுவும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கவசத்தைக் கீழே வைத்தாள். அவள் விரல்களிலும் மை. அப்பாவும் மகளும் ரயிலுக்குப் போய்விட்டார்கள்.

ஐந்து நாள் நான் சாப்பிட்டதாக ஞாபகமில்லை. ஆறாம் நாள் கார்டு வந்தது. ‘வரும் ஞாயிறு முதல் ஓலை வாசிக்கச் சொல்லவும்’ என்று ஒரே வரி.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசிப்பார்கள். மணமக்கள் பெயரைச் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்கலாம் என்று எங்கள் பாதிரியாரான ஐயர் கேட்பார். ஆலயத்துக்குள் தலைப்பாகை கட்டக்கூடாது. முதல் ஞாயிறு அவர் அப்படிக் கேட்டதும் சபை முழுவதும் திரும்பி என் நெற்றியைப் பார்த்தது. ஐயரும் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பதிலுக்குக் காத்திருந்தார். நல்லவேளை, யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்தக் கார்டு எப்படி வந்தது என்பதை மாமனார் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். திரும்பிப் போகும்போது ரயிலில் அவர், “வேணாம்மா, வேற இடம் பாக்கலாம்” என்றாராம். எஸ்தர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “வெளியே மட்டும் பூசுறவங்க ஊர் பூரா இருக்காங்கப்பா. இவரு உள்ளேயும் பூசியிருக்காரு” என்றாளாம்.

அதற்காக அவள் என்னை ஒரு நாளும் சும்மா விட்டதில்லை. ஜன்னல் சட்டத்துக்கு நான் வர்ணம் அடித்தால், “உள்ளேயும் பூசியாச்சா?” கடிதத்துக்குக் கீழே கோடு போட்டால், “உள்ளேயும் பூசியாச்சா?” பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஆளை எடைபோடவே இதுதான் பேச்சு.

போன மாதம் எங்கள் பெரிய மகளைப் பார்க்க ஒரு மாப்பிள்ளை வந்துவிட்டுப் போனார். நல்ல கோட்டு, நல்ல பேச்சு, எல்லாவற்றுக்கும் புன்னகை. அவர் தெருமுனை திரும்பியதும் எஸ்தர் மகளைப் பார்த்து, “வெளியே நல்லாத்தான் பூசியிருக்கு. உள்ளே எப்படிடி?” என்று கேட்டாள்.

மகள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் நெற்றியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“சாயங்காலக் குளிர்ச்சியிலே வேர்க்காம வந்தா எப்படிம்மா தெரியும்? இன்னொரு தடவை வரச் சொல்லுங்க. நல்ல வெயில் நேரமாப் பாத்து.”