பூவிழியின் லைப்ரரியைக் கழற்றிவிட்டார்கள்

மரக்காணம்,
வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் சாலமன் அவர்களுக்கு, சவரிமுத்து எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் உங்கள் தங்கச்சி பக்கத்தில் நின்று அழுகிறாள், அதனால்தான் கடிதம்.

நம்ம பூவிழி கம்ப்யூட்டர்ல ஒரு லைப்ரரி எழுதி வச்சிருக்காளே, தேதி, நேரத்த எல்லாம் சரியா கணக்குப் போடுற புரோகிராமு, யாரு வேணா சும்மா எடுத்துக்கலாம். உலகம் பூரா ஓடுற பெரிய சாப்ட்வேர்க்காரங்க ரெண்டு வருஷம் முன்ன அத எடுத்துக்கிட்டாங்கன்னு நான் கூட அவ போட்டோவப் போட்டு வாசல்ல பிளெக்ஸ் கட்டினேன். அவங்க செவ்வாக்கிழம அத கழட்டிட்டாங்களாம் மச்சான். "எடுத்துட்டாங்கப்பா"ன்னு ஒரே அழுக. அழுதுட்டுப் படுத்தவ மூணு நாளா எழுந்திருக்கல. ஏதாவது பண்ணிக்கிட்டாளோன்னு போய்ப் போய் மூக்குகிட்ட கை வச்சிப் பாக்கறேன். பொண்ணு சாப்பிடாம உலை வைக்க மாட்டேன்னு உங்க தங்கச்சி ஒக்காந்துட்டா. உப்பளத்துல பாத்தி மிதிக்கும்போது தாங்க முடியாம, "வூட்ல மூணு நாளா அடுப்பு எரியலப்பா"ன்னு கூட வேல செய்யற தங்கராசுகிட்ட சொல்லிட்டேன். அடுப்பு எரியலன்னா சாவு வூடுன்னு அவனே முடிவு பண்ணிட்டான். சாயந்திரம் உப்பளத்து ஆளுங்க மொத்தமும் ஒரு அண்டா சோறோட வந்துட்டாங்க. அந்தப் படுபாவி தங்கராசு, வாசல்ல இருந்த பூவிழி பிளெக்ஸுக்கு ரோஜா மாலையும் போட்டுட்டான்! சத்தம் கேட்டு பூவிழி தலைய விரிச்சிக்கிட்டு வாசல்ல வந்து நின்னா பாருங்க, ரெண்டு பொம்பளைங்க அங்கியே மயக்கம் போட்டுட்டாங்க. இவ அண்டாவுலேர்ந்து ரெண்டு தட்டு சோறு போட்டுத் தின்னுட்டு மறுபடியும் படுத்துட்டா.

இங்கிலீஷ் தெரிஞ்சவர் நீங்கதான். எங்க புள்ளய திரும்பச் சேத்துக்குங்கன்னு அவங்களுக்கு காட்டமா ஒரு லெட்டர் எழுதுங்க.

அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீரும்.

இப்படிக்கு,
சவரிமுத்து

பி.கு.: கவர ஒட்றதுக்குள்ள பூவிழி லெட்டர வாங்கிப் படிச்சிட்டா. அவங்களா கழட்டலயாம். "ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழம கூட விடாம அது சரியில்ல இது சரியில்லன்னு உயிர எடுத்தாங்கப்பா, என்னால முடியல, வேற பாத்துக்குங்கன்னு நாலு மாசமா நான்தான் கெஞ்சினேன்"னு சொல்றா. அப்ப ஏம்மா அழுதேன்னு கேட்டேன். "விட்டுட்டாங்கல்லப்பா, அதான்"றா. ஒரே வூட்ல இருந்தும் அவ பட்ட பாடு எனக்குத் தெரியல மச்சான். நீங்க ஒண்ணும் எழுதிடாதீங்க. இப்பதான் தூங்கறா.