லாமினேட் பண்ணின ஞாயித்துக்கிழமை

சனிக்கிழமை சாயங்காலம் ஓட்டல் பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, கண்ணாடியைப் பாத்து நிமிஷம் சார் ஒரு சபதம் எடுத்தாரு. நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள பொண்டாட்டியை நடக்க வச்சு நடக்க வச்சே தூங்க வச்சிடணும். மூணரைக்கு அவரு ஸ்டேடியத்துல இருந்தாகணும்!

நிமிஷம் சார் யாருன்னு சொல்லிடறேன். ஒரு சின்ன ஊர் பஸ் டிப்போவுல டைம் கீப்பர். ஒரு பஸ் ஒரு நிமிஷம் லேட்டா வந்தா, டிரைவரை நிக்க வச்சு ரெண்டு நிமிஷம் திட்டி, அந்த பஸ்ஸை மூணு நிமிஷம் லேட்டாக்கி அனுப்புவாரு. அப்படி ஒரு கடமை உணர்ச்சி. டிப்போவுல ஒரு லாமினேஷன் மிஷின் இருக்கு. டைம் டேபிள் நனையாம இருக்கணும்னு வாங்கினது. இப்ப அவரு வீட்டு மளிகை லிஸ்ட்டுகூட லாமினேஷன்தான்.

இந்தப் பெரிய ஊருக்கு வந்தது ரெண்டு நாள் ஆபீஸ் பயிற்சிக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு ரயில். கூடவே வீட்டம்மா. அவங்க ஆஸ்பத்திரி நர்ஸ். ஊருக்கே சிஸ்டர். நாலு வருஷம் கழிச்சு கிடைச்ச முதல் ஞாயித்துக்கிழமை லீவு அவங்களுக்கு. "அந்த நாள் முழுக்க உனக்குத்தாம்மா, உன் பக்கத்துல இருந்து இம்மியும் நகர மாட்டேன்"னு வாக்குக் குடுத்துத்தான் கூட்டிட்டு வந்தாரு.

வாக்குக் குடுத்த மறுநாள் டிப்போ மெக்கானிக் ஓடி வந்து அவரு கையில ஒரு டிக்கெட்டைத் திணிச்சாரு. ஃபுட்பால் ஃபைனல்! அதே ஊரு! அதே ஞாயித்துக்கிழமை! நிமிஷம் சாரோட உயிரான மஞ்சச் சட்டை டீம் பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் ஃபைனல் ஆடுது! ஆனா டிக்கெட் ஒண்ணுதான்.

மனுஷன் முதல் வேலையா அதை லாமினேட் பண்ணினாரு. அப்புறம் இடது ஷூவுக்குள்ள, அட்டைக்கு அடியில ஒளிச்சு வச்சாரு. பர்ஸை சிஸ்டர் பாப்பாங்க, பையைப் பாப்பாங்க, ஷூவையா பாப்பாங்க?

ஞாயித்துக்கிழமை விடிஞ்சது. டிப்போவுலயே தயார் பண்ணி எடுத்துட்டு வந்திருந்த ஏ4 சைஸ் பளபளப்பு ஒண்ணை சாரு நீட்டினாரு.

"என்னங்க இது?"

"நம்ம ஞாயித்துக்கிழமை."

"இதையுமா லாமினேட் பண்ணினீங்க?"

"மழை வந்தா?"

சிஸ்டர் படிச்சாங்க. "ஆறு பத்து, மணிக்கூண்டு. ஆறு முப்பத்திரெண்டு, மியூசியம் வாசல். ஏங்க, அந்நேரத்துக்கு மியூசியம் தொறக்கவே மாட்டாங்களே?"

"அதான் வாசல்னு போட்டிருக்கேன்."

"பதினாலு இடமா? எதுல போறோம்?"

"நடந்துதான்! ஒரு ஊரைக் காலாலதாம்மா பாக்கணும். பஸ்ஸுல போனா என்ன தெரியும்?"

"பஸ் டிப்போ ஆளு பேசற பேச்சா இது? சரி, ரெண்டுலேருந்து ஆறு வரைக்கும் ஓய்வுன்னு போட்டிருக்கே?"

"உனக்குத்தாம்மா. பாவம், களைச்சுப் போயிடுவ."

"நானா?" சிஸ்டர் அவரைத் தெர்மாமீட்டரைப் பாக்கற மாதிரி பாத்தாங்க. "எனக்கு எங்கயாவது சும்மா உக்காந்திருந்தா போதும்ங்க."

"உக்காரவா இவ்வளவு தூரம் வந்தோம்? கிளம்பு கிளம்பு, ரெண்டு நிமிஷம் லேட்டு!"

இங்கதாங்க சார் கோட்டை விட்டாரு. சிஸ்டரோட வார்டு மூணு மாடி. லிஃப்ட் போன வருஷத்துலேருந்து ரிப்பேரு. ஒரு ஷிஃப்ட்டுல அவங்க நடக்கிற நடைக்கு ரோடு போட்டா பக்கத்து ஊரே வந்துடும். நம்ம சாரு? காலையில சுழல் நாற்காலியில உக்காந்தா சாயங்காலம்தான் எழுந்திருப்பாரு. யாராவது கூப்பிட்டாகூட நாற்காலிதான் திரும்பும்.

மணிக்கூண்டு ஆச்சு. மியூசியம் வாசல் ஆச்சு. பாலம், பூங்கா, பழைய கோர்ட்டு, புதுக் கோர்ட்டு. ஏழாவது இடத்துல ஷூவுக்குள்ள டிக்கெட்டோட மூலை மெதுவா எட்டிப் பாத்துச்சு. எட்டாவது இடத்துல கடிச்சுது. லாமினேஷன் மூலைங்க! அது பிளேடுக்குத் தம்பி!

"ஏங்க நொண்டறீங்க?"

"நொண்டலையே. இந்த ஊர் ரோடு சரிவு."

"எனக்குச் சரியாத்தானே இருக்கு?"

"நீ... நீ மேட்டுப் பக்கம் வர்றே."

ஒன்பதாவது இடம் ஒரு கோபுரம். முந்நூத்திப் பத்து படி. சிஸ்டர் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே ஏறினாங்க. சாரு கைப்பிடியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே போனாரு. மேலே போனதும் சிஸ்டர், "அங்க பாருங்க, ஸ்டேடியம்! எவ்வளவு பெருசு!"ன்னாங்க. சாருக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பாதி பக்தி, பாதி பாதம்.

பதினாலாவது இடம் முடிஞ்சப்ப மணி ஒண்ணு அம்பது. சிஸ்டர் அப்பத்தான் குளிச்சு வந்த மாதிரி இருந்தாங்க. "இன்னும் ரெண்டு இடம் சேத்திருக்கலாங்க!" சாரு ஓட்டல் ரூமுக்குள்ள சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து சேந்தாரு.

"படும்மா, தூங்கு. நான் சும்மா... கீழ போய்... பேப்பர் வாங்கிட்டு..."

"ஷூவைக் கழட்டுங்க."

"எதுக்கு? புது ஷூ."

"கழட்டுங்கன்னேன்." அது வீட்டுக் குரல் இல்ல, வார்டுக் குரல். சாரோட கை தானா லேஸைப் பிரிச்சுடுச்சு.

கொப்புளம் ஒரு ரூபாய் அளவுக்கு இருந்துச்சு. சிஸ்டர் ஷூவுக்குள்ள கையை விட்டாங்க. அட்டையைத் தூக்கினாங்க. ரெண்டு விரலால அந்த டிக்கெட்டை வெளிய எடுத்து வெளிச்சத்துல பிடிச்சாங்க.

நிமிஷம் சார் வாழ்க்கையிலயே நீளமான நிமிஷம் அதுதான்.

"மூணரை மணி," சிஸ்டர் படிச்சாங்க. "மேற்குப் பக்கம், பி வரிசை, நாப்பத்தோராம் நம்பர் சீட்." நிமிர்ந்தாங்க. "ஏங்க, உக்கார சீட்டா குடுக்கறாங்க?"

"ஆ... ஆமா."

"மேல கூரை?"

"இருக்கு."

"பக்கத்துல யாராவது சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிடுவாங்களா?"

"மாட்டாங்க..."

அதுக்கப்புறம் திட்டே இல்லைங்க! அதுதான் பயங்கரம். வெந்நீர்ல காலைக் கழுவினாங்க, மருந்து வச்சுக் கட்டுப் போட்டாங்க, மூணு தலகாணி மேல காலைத் தூக்கி வச்சாங்க. "உங்க லிஸ்ட்டுல என்ன போட்டிருக்கு? ரெண்டுலேருந்து ஆறு வரைக்கும் ஓய்வு. டைம் டேபிளை மீறலாமா?" டிக்கெட்டோட அவரு போனையும் வாங்கிப் பையில போட்டுக்கிட்டாங்க. கதவைச் சாத்திட்டுக் கிளம்பிட்டாங்க.

சாரு டிவியைப் போட்டாரு. ஓட்டல் நீச்சல் குளத்தைப் பத்தின படம் மட்டும் திரும்பத் திரும்ப ஓடுச்சு. ஒத்தக் கால்ல தத்தித் தத்தி ரிசப்ஷனுக்குப் போனாரு.

"இங்க மேட்ச் எங்கயாவது..."

"ஐயோ சார்!" ரிசப்ஷன் பொண்ணு துள்ளி எழுந்திருச்சுது. "கால் தரையில படவே கூடாதுன்னு மேடம் சொல்லிட்டுப் போயிருக்காங்க!" வாட்ச்மேனைக் கூப்பிட்டுச்சு. லக்கேஜ் தள்ற வண்டியில, ரெண்டு சூட்கேஸுக்கு நடுவுல உக்கார வச்சு, சாரை மறுபடியும் ரூமுக்கே தள்ளிட்டுப் போய்ச் சேத்துட்டாங்க.

ஜன்னல் வழியா ஸ்டேடியம் கத்துறது மட்டும் கேட்டுச்சு. நாலேகாலுக்கு ஒரு கத்தல். அஞ்சுக்கு ஒரு கத்தல். அஞ்சு பதினேழுக்கு ஊரே இடிஞ்சு விழற மாதிரி ஒரு கத்தல்! யாருக்கு யாரு போட்ட கோலு? டைம் மட்டும் சரியாக் குறிச்சு வச்சுக்கிட்டு சாரு தலகாணியைக் கடிச்சாரு.

சரியா ஆறு மணிக்குக் கதவு தொறந்துச்சு. சிஸ்டருக்குத் தொண்டை கட்டிப் போயிருந்துச்சு. ஒரு கன்னத்துல மஞ்சப் பெயின்ட், இன்னொரு கன்னத்துல எதிர் டீமோட நீலப் பெயின்ட். முகத்துலேருந்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல.

சாரு எகிறி உக்காந்தாரு. "யாரும்மா ஜெயிச்சா? பதினெட்டு வருஷம்மா! கெஞ்சிக் கேக்கறேன், சொல்லிடும்மா!"

சிஸ்டர் மெதுவாக் கட்டில் ஓரத்துல உக்காந்து, அவரு மணிக்கட்டைப் பிடிச்சு, அவரோட கடிகாரத்தையே பாத்து முழுசா ஒரு நிமிஷம் நாடி எண்ணினாங்க.

"நூத்திப் பதினெட்டு. ஸ்கோரைத் தாங்கற நிலைமையில நீங்க இல்லைங்க, ஊருக்குப் போய்ச் சொல்றேன்."