ஏழும் இரண்டும் வைத்து நான் ஜெயித்தது செல்லாது

என் மனைவிக்குத் தம்பியும், கல்லூரியில் கணிதம் நடத்துபவனும், நம் குடும்ப ஃபேன்டஸி லீக்கின் நடுவருமாகிய மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதுவது.

நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே உன் அக்கா சுகம். என் வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவனின் முழங்கால், அதற்குப் படியேறிப் பழக்கமில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். இது நடுவில் யாரும் பேசக்கூடாத விஷயம்.

முதலில் நல்ல செய்தி. சீட்டு மன்றத்தின் வருடாந்திர போக்கர் போட்டியில் உன் அத்தான் முதலிடம் வந்துவிட்டான். எண்பத்து நான்கு பேர் ஆடிய போட்டி. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்து மாலை ஐந்தேமுக்காலுக்கு எழுந்தேன். பதினொரு வருடமாக மூன்றாவது சுற்றைத் தாண்டாதவன், இன்று மன்றத்துச் சுவரில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் புகைப்படமாகத் தொங்கப்போகிறேன். இதை எழுதும்போதே மை இரண்டு இடத்தில் சிந்திவிட்டது, பொறுத்துக்கொள்.

இனி கெட்ட செய்தி. அந்த வெற்றியை நீ செல்லாது என்று அறிவிக்க வேண்டும். மன்றத்தில் அல்ல, அங்கே செல்லட்டும், புகைப்படம் தொங்கட்டும். நம் குடும்ப லீக்கில் மட்டும் அது செல்லக்கூடாது. வரும் ஞாயிற்றுக்கிழமை கோப்பை கைமாறுவதற்குள் உன் முடிவு எழுத்தில் வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

லீக்கின் விதி உனக்குத் தெரியும், ஆனாலும் பதிவுக்காக எழுதுகிறேன். குடும்பத்தில் ஒன்பது பேர். மன்றப் போட்டி தொடங்குமுன் ஒவ்வொருவரும் அதில் ஆடப்போகிறவர்களில் ஐந்து பேரின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதி ஒட்டி, உன் அக்காவின் தகரடப்பாவில் போட வேண்டும். அந்த ஐவர்தான் நம் அணி. அவர்கள் மன்றத்தில் எவ்வளவு தூரம் போகிறார்களோ அவ்வளவு புள்ளி நமக்கு. ஐவரில் ஒருவர் கேப்டன், அவருக்கு இரண்டு மடங்கு. தன் பெயரைத் தானே எழுதக்கூடாது. போட்டியில் கடைசி இருவர் மிஞ்சும்போது டப்பா திறக்கப்படும். லீக்கில் கடைசி வந்தவரின் தாளை மட்டும், புள்ளி கூட்டும் உன் அக்காவைத் தவிர யாரும் படிக்கக்கூடாது, குடும்பத்தில் ஒருவரை வெட்கப்பட வைக்கக்கூடாது என்பதற்காக. இந்தக் கடைசி விதியை நான்தான் போட்டேன். யாரை நினைத்துப் போட்டேன் என்பதும் உனக்குத் தெரியும். நம் சம்பந்திதான் ஐந்து வருடமாகத் தவறாமல் கடைசி.

அந்த மனிதரைப் பற்றி நான் தவறாகப் பேச விரும்பவில்லை. என் மகள் வாழும் வீடு. ஆனால் ஆறு வருடத்துக்கு முன் அவர் வீட்டில் முதன்முதலாகச் சாப்பிட உட்கார்ந்தபோது, என் ஆட்டத்தைப் பற்றி நான் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்த நடுவில், "இதுல திறமை என்னங்க இருக்கு சம்பந்தி? வர்ற சீட்டு வருது, போற சீட்டு போகுது" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். பேருந்து நிலையத்தில் நேரம் குறிக்கும் வேலை பார்த்தவர். வருகிற பேருந்து வருகிறது, போகிற பேருந்து போகிறது என்று நான் அவர் வேலையைச் சொன்னேனா? அன்றிலிருந்து நான் அவரிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. அவர் பேசுகிறார், நான் தலையாட்டுகிறேன்.

இப்போது போட்டி நடந்த சனிக்கிழமைக்கு வா. மன்றம் என்பது மரச்சாமான் கடையின் மேல்தளம். விற்காத அலமாரிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பத்து மேசை போட்டிருந்தார்கள். நான் எப்படி ஆடுவேன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பழைய பேப்பர் கடையில் எடுத்த ஒரே புத்தகத்தை வைத்து நானே கற்ற ஆட்டம். அந்தப் புத்தகத்தில் நூற்றுப் பதின்மூன்றிலிருந்து நூற்று நாற்பது வரை பக்கமில்லை. கையில் ஒன்றுமில்லாமலே எல்லாம் இருப்பதுபோல் பந்தயம் கட்டி எதிராளியைப் பயமுறுத்துகிறார்களே, ப்ளஃப் என்று, அந்த அத்தியாயம் அந்தப் பக்கங்களில்தான் இருந்ததாம். எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நான்காவது மாடியில் நிற்கிற லிஃப்ட் நான்கு என்றுதான் காட்ட வேண்டும். பதினொரு வருடமாக நான் பந்தயத்தை ஏற்றினால் என் கையில் நல்ல சீட்டு இருக்கிறது என்று பொருள். இதனால்தான் மூன்றாவது சுற்றைத் தாண்டவில்லை என்று மன்றத்துச் செயலாளர் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் சனிக்கிழமை சீட்டு வந்தது பார், அப்படி வந்தது. ராஜா ஜோடி, ராணி ஜோடி, மறுபடி ராஜா ஜோடி. முடிதிருத்துபவரை வெளியே அனுப்பினேன், இரண்டு வங்கிக்காரர்களை ஒரே கையில் அனுப்பினேன், செயலாளரையே அனுப்பினேன். ஐந்து மணிக்குத் தலைநிமிர்ந்து பார்த்தால் நானும் பல் டாக்டர் அம்மாவும் மட்டும் மேசையில். அவர்தான் போன வருடத்து வெற்றியாளர். அவரிடம் என்னைப்போல் இரண்டு மடங்கு பந்தயச் சில்லு. என் கடைவாய்ப் பல் இரண்டையும் பிடுங்கியவரும் அவரே. என் லீக் அணிக்குக் கேப்டனும் அவரே, நான்தான் எழுதினேன், என் பெயரை நான் எழுத முடியாதே.

தேநீர் இடைவேளையில் உன் அக்கா டப்பாவைத் திறந்தாள். குடும்பமே அலமாரிகளுக்கு நடுவில் நின்றது. அவள் தாள்களைப் பிரித்து, கூட்டி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, மறுபடி கூட்டிவிட்டுச் சொன்னாள்: "டாக்டர் ஜெயிச்சா கோப்பை நம்ம வீட்டுக்கு. நீங்க ஜெயிச்சா சம்பந்தி வீட்டுக்கு. அவர் உங்களைத்தாங்க கேப்டனா போட்டிருக்காரு."

அந்தக் கோப்பை யார் செய்தது? நான். பழைய லிஃப்டின் பித்தளைப் பொத்தான் பலகையைத் தேய்த்து மெருகேற்றித் தேக்குக் கட்டையில் பதித்தவன் நான். ஐந்தாம் மாடிப் பொத்தான் இன்றும் அமுங்கும். லீக் தொடங்கி ஐந்து வருடமாக அது என் வீட்டுக்கு ஒருமுறைகூட வரவில்லை. அதை, அதிர்ஷ்டம் அதிர்ஷ்டம் என்று சொன்ன மனிதரின் கையில் கொண்டுபோய்க் கொடுக்க நான் எட்டு மணி நேரம் முதுகு வலிக்க உட்கார்ந்தேனா? வேறு யாரும் அகப்படாமல் கடைசியில் என் பெயரைக் கிறுக்கியிருக்கிறார், அதுவும் கிண்டலுக்கு. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலை வேறு உயர்த்திக் காட்டினார்.

அங்கேயே முடிவு செய்தேன். தோற்பது என்று.

நீ சிரிக்காதே. வேண்டுமென்று தோற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வந்த சீட்டையெல்லாம் ஆடாமல் கவிழ்த்துக்கொண்டே போனால் மன்றத்து மேற்பார்வையாளர் கண்டுபிடித்து ஆளையே நீக்கிவிடுவார், இரண்டாமிடத்துப் புகைப்படமும் போய்விடும். ஆகவே ஒரு வழி வகுத்தேன். நல்ல சீட்டு வந்தால் கவிழ்ப்பது, மட்டமான சீட்டு வந்தால் இருக்கிற சில்லு அத்தனையையும் நடுவில் தள்ளுவது. டாக்டர் அம்மா ஒருமுறை ஏற்றுக்கொண்டால் போதும், நான் காலி.

முதல் கை, மூன்றும் எட்டும். அத்தனையையும் தள்ளினேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார், என் சில்லுகளைப் பார்த்தார், சீட்டைக் கவிழ்த்துவிட்டார். அவர் கட்டாயமாக வைத்திருந்த சில்லு எனக்கு வந்தது. அடுத்த கை, இரண்டும் ஒன்பதும். தள்ளினேன். கவிழ்த்தார். நான்கும் ஐந்தும், அல்ல அல்ல, நான்கும் பத்தும், தள்ளினேன், கவிழ்த்தார். நடுவில் எனக்கு ஏஸ் ஜோடி வந்தது. மைத்துனா, ஏஸ் ஜோடி, வருடத்தில் நாலு தடவை வந்தால் பெரிய விஷயம், அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கவிழ்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து டாக்டர் அம்மா என்ன நினைத்தாரோ, அடுத்த கையில் நான் தள்ளியபோது இன்னும் சீக்கிரம் கவிழ்த்தார். ஏழாவது முறை எனக்கே பொறுக்கவில்லை. ஒருமுறை ஏற்றுத்தான் பாருங்களேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

அவர் சொன்னார்: "ஐயா, ஊசி போடும்போது வலிக்கலைன்னு சொல்லக்கூட உங்களுக்கு வராது. உங்களை நான் நம்புறேன்."

நம்பினார் மைத்துனா. நம்பி நம்பி அவருடைய சில்லெல்லாம் கரைந்தது. பதினான்காவது முறை தள்ள வந்தபோது அவரிடம் கையளவுதான் மிச்சம், இனி வந்ததை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை. எனக்கு ஏழும் இரண்டும். வேறு வேறு சின்னம். போக்கரில் இதைவிட மட்டமான கை கிடையாது, இது என் புத்தகத்தில் இருக்கிற பக்கத்திலேயே போட்டிருக்கிறது. தள்ளினேன். அவர் ஏற்றார். திருப்பினால் அவரிடம் ராஜா ஜோடி. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். இங்கிருந்து அவர் மேலே ஏறுவார், நான் கீழே இறங்குவேன், கோப்பை என் வீட்டுக்கு வரும். என் ஏழையும் இரண்டையும் பார்த்துக் கூட்டம் முழுக்க ஒரு முனகல். மேசையில் பொதுச் சீட்டு ஐந்து விழ வேண்டும். முதல் மூன்று: ராணி, ஒன்பது, நான்கு. ஒன்றும் இல்லை. நான்காவது சீட்டு ஏழு. பரவாயில்லை, ஏழு ஜோடியைவிட ராஜா ஜோடி பெரியது. ஐந்தாவது சீட்டையும் ஏழாகவே போட்டார் சீட்டுப் பகிர்ந்த அந்தப் பாவி.

மூன்று ஏழு. முடிந்தது. கைதட்டினார்கள். டாக்டர் அம்மா எழுந்துவந்து கைகொடுத்து, பதினொரு வருடமாகப் பொய்யே சொல்லாமல் இருந்து ஒரே நாளில் பதினான்கு பொய் சொன்ன ஆளை இன்றுதான் பார்க்கிறேன், இது பெரிய ஆட்டம் என்றார். தலையாட்டினேன். சம்பந்தி நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது, நாற்காலிமேல்.

ஆகவே நடுவரவர்களே, என் வாதம் இதுதான். தோற்க வேண்டும் என்று ஆடியவன் பெற்ற வெற்றி அவனுடைய வெற்றி ஆகாது. அவனுடையது ஆகாதபோது அவனைக் கேப்டனாகப் போட்டவருடையதும் ஆகாது. வேண்டுமானால் நான் சத்தியம் செய்து கொடுக்கிறேன். லீக்கைப் பொறுத்தவரை டாக்டர் அம்மாவையே முதலிடமாக வைத்துக் கோப்பையை என் வீட்டுக்கு அனுப்பும்படி உத்தரவிடு. இதில் உறவு பார்க்காதே. பார்த்தாலும் நான்தான் உனக்கு நெருங்கிய உறவு. முக்கியமாக இதில் ஒரு வரிகூட உன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. நன்றாகப் படிக்கட்டும், நல்ல சீட்டை ஒருபோதும் கவிழ்க்காமல் வாழட்டும்.

நியாயத்தை எதிர்பார்த்திருக்கும்,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி உன் அக்காவிடம் கொடுத்திருந்தேன். அரைமணி கழித்துப் பிரித்த உறையோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். முழுக்கப் படித்திருக்கிறாள். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. தகரடப்பாவின் அடியிலிருந்து பழைய துண்டுத்தாள் ஐந்தை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். ஐந்து வருடமாக அவளைத் தவிர யாரும் படிக்காமல் கிடந்த சம்பந்தியின் தாள்கள். ஐந்திலும் முதல் வரியில், கேப்டன் என்று போட்டு, நேரம் குறிக்கிறவரின் அந்தக் குண்டு எழுத்தில், என் பெயர்.

"இதனாலதாங்க அவர் வருஷா வருஷம் கடைசி" என்றாள் உன் அக்கா. "ஒன்பது பேர்ல உங்களை எழுதினது அவர் ஒருத்தர்தான். நானே எழுதினதில்லை."

ஐந்து தாளையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு, நீ ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "எனக்கு ஜெயிக்கணும்ல" என்றாள்.

ஆகவே மேலே எழுதியிருப்பதையெல்லாம் அடித்துவிடு. வெற்றி செல்லும். கோப்பை சம்பந்திக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை நானே மெருகேற்றி எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுக்கிறேன். ஒரே ஒரு சிக்கல். மகள் போன் செய்தாள். சனிக்கிழமையிலிருந்து அவர் தெருவில் பார்ப்பவரையெல்லாம் நிறுத்தி, போக்கர் என்பது முழுக்க முழுக்க திறமை, இதில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை, என் சம்பந்தி ஏழையும் இரண்டையும் வைத்தே ராஜா ஜோடியை அடித்தார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையை எப்படிக் கணக்குப் போட்டு ஆடினேன் என்று நான் விளக்க வேண்டுமாம், பேருந்து நிலையத்துப் பழைய நண்பர்கள் இருபது பேரை வரச் சொல்லியிருக்கிறார். நீ கணிதம் படித்தவன். வரும் சனிக்கிழமைக்குள் எனக்கு ஏதாவது ஒரு கணக்கு எழுதி அனுப்பு. ஒரு பக்கத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.